வேடல் மலைக் குரத்தியாரும் எங்கள் பாட்டியாரும்

இவ்வாண்டு மகாவீர் ஜெயந்தி மலருக்குச் சமண சமயப் பெண்மணிகளைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று அறக்கட்டளையார் கேட்டிருந்தனர். கல்வெட்டுச் செய்திகளைத் தொகுத்துத் தந்துவிடலாம் என்றே முதலில் எண்ணினேன். முப்பதாண்டுக் காலம் பள்ளியில் வரலாறு கற்பித்தவளுக்கு அது பழகிய வேலை. ஆயினும் குறிப்புகளை எடுத்துக்கொண்டு அமர்ந்தபோது, ஒவ்வொரு குரத்தியார் பெயருக்குப் பின்னாலும் என் தந்தையைப் பெற்ற பாட்டியார் வந்து நின்று, "என்னடி எழுதுகிறாய், படித்துக் காட்டு" என்று கேட்பதுபோல் இருந்தது. கேட்டால் விடமாட்டார். ஆகவே கல்லில் உள்ளவர்களையும் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்தவரையும் சேர்த்தே எழுதுகிறேன்.

குரவர் என்பதன் பெண்பாலாகவே குரத்தி என்னும் சொல் நம் கல்வெட்டுகளில் வழங்குகிறது. ஆசிரியை என்று பொருள். கழுகுமலையில் 8, 9ஆம் நூற்றாண்டுகளில் வெட்டப்பட்ட வட்டெழுத்துகளைப் படிப்போர், தீர்த்தங்கரர் திருவுருவங்களைச் செய்வித்தோர் வரிசையில் திருச்சாரணத்துக் குரத்திகள், மிழலூர்க் குரத்திகள், நால்கூர்க் குரத்திகள் எனப் பல பெயர்களைக் காண்பர். இவர்கள் பிறர் கற்பிக்கக் கேட்டிருந்தவர்கள் மட்டும் அல்லர்; தமக்கெனக் கற்போர் கூட்டத்தையும் உடையவர்கள். திருச்சாரணம் என்பது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலை. அங்கே ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, அரிட்டநேமி பட்டாரகரின் மாணாக்கியாகிய குணந்தாங்கிக் குரத்தியார் பகவதிக்குப் பொன்னணி அளித்ததைக் கூறுகிறது. துறந்தவர் கையில் பொன் ஏது என்று என் மாணவியர் கேட்பதுண்டு. அடியார் தந்ததைத் தெய்வத்துக்குச் சேர்ப்பித்திருப்பார் என்று விடை சொல்வேன்.

இல்லறத்தில் இருந்த பெண்டிரும் குறைந்தவர் அல்லர். முதலாம் இராசராசனின் தமக்கை குந்தவைப் பிராட்டியார், போளூரை அடுத்த திருமலையிலும், திண்டிவனத்தை அடுத்த தாதாபுரத்திலும் தம் பெயரால் ஜினாலயம் எடுப்பித்தார். அரசியார் கோயில் எடுப்பது பெரிய செய்திதான். எனக்கோ அதைவிடச் சிறிய ஒரு செய்தியில் ஈடுபாடு அதிகம். முதலாம் இராசேந்திரன் காலத்தில், மல்லியூரில் வாழ்ந்த வணிகன் நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை என்பவர், திருமலைக் குந்தவை ஜினாலயத்துக்கு விளக்கெரிக்கப் பொருள் அளித்திருக்கிறார். அரசியல்லாத, துறவியல்லாத ஒரு குடும்பத்துப் பெண், ஒரு விளக்கு, ஆயிரம் ஆண்டாகப் பெயர் நிலைத்திருக்கிறது.

இவர்களுள் எனக்கு மிக நெருக்கமானவர் வேடல் மலையின் கனகவீரக் குரத்தியார். வந்தவாசி வட்டத்தில், எங்கள் ஊரிலிருந்து வண்டிப் பாதையில் எட்டிவிடும் தொலைவில் உள்ளது வேடல். பழைய பெயர் விடால். ஆண்டார்மடம் என்று ஊரார் வழங்கும் குகைப்பகுதியில் முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் கல்வெட்டு இருக்கிறது. குணகீர்த்தி பட்டாரகரின் மாணாக்கியாகிய கனகவீரக் குரத்தியாரையும் அவரிடம் கற்ற ஐந்நூற்றுவரையும் அது குறிப்பிடுகிறது. நானூற்றுவர் கொண்ட மற்றொரு கூட்டத்தாருக்கும் இவர்களுக்கும் பிணக்கு நேர்ந்தது. அப்போது ஊரார் முன்வந்து, குரத்தியாரையும் அவர் கூட்டத்தாரையும் தாங்களே காத்து உணவளிப்பதாக ஒப்புக்கொண்டு கல்லில் வெட்டி வைத்தனர். பிணக்கு எதைப் பற்றியது என்று கல் சொல்லவில்லை. ஒன்று தெரிகிறது: ஒன்பதாம் நூற்றாண்டில் இந்த மலைச்சாரலில் ஒரு பெண் ஆசிரியர், தம்மை எதிர்த்த பெருங்கூட்டத்தின் முன் ஒதுங்கிப் போகாமல் நின்றிருக்கிறார்; ஊர் அவர் பக்கம் நின்றிருக்கிறது.

எங்கள் பாட்டியார் பக்கம் ஊர் எப்போதும் நின்றது என்று சொல்ல முடியாது.

அவர் 1905ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் மணம். அவருடைய தந்தையார் திண்ணைப் பள்ளி நடத்தியவர். ஆண்பிள்ளைகளுக்கு நடந்த பாடத்தைக் கதவுக்குப் பின்னால் இருந்து கேட்டே இவர் எழுத்துக் கற்றார். கேட்டது எதையும் மறவாதவர். அருங்கலச்செப்பும் திருநூற்றந்தாதியும் யசோதர காவியமும் அவருக்கு மனப்பாடம். புகுந்த வீட்டில், நடுப்பகல் உணவு முடிந்து பாத்திரங்கள் கவிழ்ந்தபின், ஸ்ரீபுராணத்தை விரித்துத் தெருப் பெண்களுக்கு வாசிப்பார். மணிப்பிரவாள நடை எல்லோருக்கும் புரியாது. ஒரு பத்தி வாசித்து, அதை ஊர்ப் பேச்சில் சொல்லி, நடுவே யார் வீட்டிலாவது நடந்த ஒன்றை இழுத்து வைத்து உவமை காட்டுவார். உவமைக்கு இலக்கானவர் அங்கேயே அமர்ந்திருப்பார். மறுநாளும் அவர் வந்துவிடுவார் என்பதே வியப்பு.

உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிப்பதற்கு முன் கும்பகோணத்துச் சைனர் வீடுகளுக்குச் சென்று பொருள் கேட்டதை நாம் அறிவோம். ஒரு வீட்டில் தோரணம் கட்டியிருக்கக் கண்டு திருமணமோ என்று அவர் வினவ, சிந்தாமணி வாசித்து நிறைவுற்ற விழா என்று விடை வந்தது. இச்செய்தியை நம் மேடைகளில் ஆண்டுதோறும் பெருமையுடன் சொல்லுகிறோம். அந்த வீட்டுக் கூடத்தின் பின்கட்டில் இருந்து கேட்டவர்கள் யார் என்பதை நாம் சொல்லுவதில்லை.

ஒழுக்கத்தில் பாட்டியார் இம்மியும் பிசகாதவர். நீரை வெள்ளைத் துணியில் வடித்தபின், துணியில் தங்கியதை அலசி, எடுத்த கிணற்றிலேயே மெதுவாக விடுவார். வேறு கிணற்றில் விட்டால் அந்த உயிர்களுக்கு அது அயலூர் என்பார். பொழுது சாய்ந்தபின் உண்ணமாட்டார். கிழங்கும் தேனும் வீட்டுக்குள் வாரா. இவை நம் இல்லங்கள் பலவற்றிலும் இருந்தவையே. அவருக்கே உரியது அவருடைய நாக்கு.

உறவினர் திருமணம் ஒன்றில், மாப்பிள்ளை வீட்டார் வருவது தாமதமாகி, விளக்கு வைத்தபின் பந்தி போட்டார்கள். பெரியவர்கள் பலர் ஒன்றும் சொல்லாமல் அமர்ந்தனர். பாட்டியார் இலை முன் நின்றபடியே, "விருந்தாளிக்குப் பசி, சம்பந்திக்கு மரியாதை, எல்லாம் சரி. இலையைத் தேடி விளக்கில் விழுகிற பூச்சிக்கு யார் சம்பந்தி?" என்று கேட்டுவிட்டு வெளியேறினார். பாதிப் பந்தி எழுந்தது. மணப்பெண்ணின் தாயார் அழுதார். அந்த அழுகையை அறுபது ஆண்டுகள் கழித்தும் எங்கள் குடும்பத்தில் சொல்லுவார்கள்.

இன்னொன்று அதைவிடப் பெரியது. 1950களில் எங்கள் ஊர் ஜினாலயத்தில் விளக்குக்கு எண்ணெய் இல்லை என்று ஒரு கூட்டம் கூடியது. பெண்கள் கூட்டத்தில் அமரும் வழக்கம் இல்லை. மண்டபத் தூணுக்கு அப்பால் நின்றிருந்த பாட்டியார், "பூசைக்கு விட்ட நிலத்தில் சென்ற போகம் எத்தனை மூட்டை நெல்? அது யார் குதிரில் இருக்கிறது?" என்று கேட்டார். கணக்கு வைத்திருந்தவர் அவருடைய உடன்பிறந்த தம்பி. பேரவையில் ஊசி விழும் ஓசையும் கேட்டிருக்கும் என்று என் தந்தையார் சொல்லுவார். நெல் திரும்பி வந்தது. அந்த ஆண்டு முதல் கணக்கு எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்பட்டது. தம்பி மட்டும் அக்காள் வீட்டு வாசற்படியை அதற்குப்பின் மிதிக்கவில்லை.

ஒவ்வோர் ஆண்டும் தசலட்சண பருவம் முடிந்தபின், அனைவரிடமும் பொறுத்தருளக் கேட்கும் நாளில், பாட்டியார் குளித்து வெள்ளைச் சேலை உடுத்தித் தம்பி வீட்டுக்கு நடந்து போவார். சிறுமியாக இருந்த நானும் இரண்டு முறை கையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன். கதவு திறக்காது. அவர் கதவைப் பார்த்துச் சொல்லுவார்: "கேட்டதற்கு மன்னிப்பு இல்லையடா தம்பி. கேட்ட விதத்துக்குப் பொறுத்துக்கொள். உன்னைத் தனியாக அழைத்துக் கேட்டிருக்கவேண்டும்." சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். பதினோரு ஆண்டுகள். தம்பி மறைந்தபோதுதான் அந்தக் கதவு அவருக்குத் திறந்தது.

இதனை ஏன் எழுதுகிறேன் எனில், வாய்மையைப் பற்றிய நம் சமயக் கொள்கை பலரும் நினைப்பதைவிடக் கடினமானது. உள்ளதைச் சொல்லிவிட்டால் போதும் என்று அது விடுவதில்லை. பிறர்க்குக் கேடு விளைப்பதாயின் மெய்யையும் பேசாதிருத்தலே இல்லறத்தார்க்குரிய வாய்மை விரதம் என்று இரத்தினகரண்டகம் வகுக்கிறது. அருங்கலச்செப்பு அதன் வழி வந்த தமிழ் நூல். பாட்டியாருக்குத் தலைகீழாகத் தெரிந்த நூல். அவர் நாக்கும் அவர் நூலும் வாழ்நாள் முழுதும் ஒன்றோடொன்று வழக்காடின. கூடத்தில் நடந்த வாசிப்பில் ஒருநாள் சிலப்பதிகாரக் கதை வந்தது. கோவலனையும் கண்ணகியையும் இகழ்ந்தவர்களைக் கவுந்தியடிகள் நரிகளாகுமாறு சபித்ததும், அவ்விருவர் வேண்டப் பன்னிரு திங்களில் சாபம் நீங்கும் என்று இரங்கியதும் கேட்டுப் பெண்கள் மகிழ்ந்தனர். பாட்டியார் மகிழவில்லை. "மயிற்பீலி ஏந்திய கை. சபிக்கலாமா?" என்றார். என் தாயார், அவர் மாமியாரிடம் பலமுறை சொல் வாங்கியவர், அடுக்களை வாயிலில் நின்று, "நரியாக்கவில்லையே தவிர, நாமும் குறைவில்லை, அத்தை" என்றார். பாட்டியார் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, "பன்னிரண்டு மாதத்தில் நீங்கிவிடும், போ" என்றார். என் தாயார் அந்த வீட்டில் வாய்விட்டுச் சிரித்த நாள்களுள் அது ஒன்று.

அவருக்கு உகந்தவள் நீலகேசி. அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் சமயதிவாகர உரையுடன் வெளியிட்ட பதிப்பைத் தாத்தா சென்னையிலிருந்து வாங்கி வந்திருந்தார். உரையில் தருக்கப் பகுதி முழுதும் பாட்டியாருக்கு விளங்கியிருக்க இயலாது. தமக்கு விளங்கவில்லை என்று அவரே சொல்லுவார். விளங்கியது இது: பேயாய் இருந்தவள் முனிவரிடம் அறம் கேட்டுத் திருந்தினாள், திருந்தியபின் வாய்மூடி இருந்துவிடாமல் குண்டலகேசி முதலாகப் பூதவாதி ஈறாக ஒவ்வொருவரையும் அவரவர் இடத்துக்கே சென்று கேள்வி கேட்டாள். "இவள் யாரையும் சபிக்கவில்லை பார்" என்பார். கேள்விக்கும் சாபத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவர் தம்பி வீட்டுக் கதவின் முன் நின்று கற்றார் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

இனி எழுதவேண்டியது என் பிழை.

1986இல் பாட்டியாருக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கியது. நகரத்து மருத்துவமனைக்கு வர மறுத்தார். இரவில் மாத்திரை தருவார்கள் என்பது காரணம். நாட்டு மருத்துவர் ஒருவர் சூரணம் தந்து தேனில் குழைத்துக் கொடுக்கச் சொன்னார். நெய்யில் தரலாமா என்று கேட்டேன். இந்த நோய்க்கு நெய் ஆகாது, தேனே வேண்டும் என்றார். அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது, பட்டம் பெற்றவள், ஆசிரியை. பாட்டியாரின் உயிர் பெரிதா, ஒரு துளித் தேன் பெரிதா என்று எனக்குள்ளேயே தீர்ப்பெழுதினேன். கறுத்துப் பாகு போலிருந்த அதனை வெல்லப்பாகு என்று சொல்லி ஐந்து நாள் கொடுத்தேன். மூச்சு சீராயிற்று. ஆறாம் நாள், அயல்வீட்டுச் சிறுவன் புட்டியைப் பார்த்துவிட்டு, "ஆயா, உங்கள் வீட்டில் தேனா?" என்று உரக்கக் கேட்டுவிட்டான்.

வசவுக்குக் காத்து நின்றேன். வாழ்நாளில் முதன்முறையாக அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலைவரை கண்ணை மூடிக்கொண்டு பஞ்ச நமஸ்காரம் சொல்லிக்கொண்டிருந்தார். பொழுது சாயுமுன் என்னை அழைத்தார்.

"யசோதரன் கதை தெரியுமோ உனக்கு?"

ஜீவதயாஷ்டமிதோறும் அவர் வாயாலேயே கேட்ட கதை. தாய் சந்திரமதியின் சொல் கேட்டு, உயிர்க்கோழிக்கு மாற்றாக மாவினால் செய்த கோழியைப் பலியிட்டான் அரசன். கொல்லும் எண்ணம் இருந்தமையால் இருவரும் விலங்குப் பிறவிகளில் உழன்றார்கள்.

"அவன் வெட்டியது மாவு. வந்தது கோழியை வெட்டிய பாவம். ஏன்? அவன் நினைப்பு கோழி மேல் இருந்தது. இப்போது சொல்லு. நான் உண்டது வெல்லம். நீ கொடுத்தது தேன். என் கணக்கு வேறு, உன் கணக்கு வேறு. என்னுடையதை நான் தீர்த்துக்கொள்ளுகிறேன்."

"உங்கள் பேரில் குற்றம் இல்லையே, பாட்டி. அறியாமல்தானே உண்டீர்கள்?"

"கேளாமல் வாயைத் திறந்தேனே. அது பிரமாதம்."

இன்று நாம் சமையலைப் புகழப் பயன்படுத்தும் சொல் அன்று அது. சாத்திரத்தில் பிரமாதம் என்றால் விழிப்பின்மை. அந்த விழிப்பின்மைக்கென்று ஐந்து நாள் ஒருவேளை உணவு மட்டும் கொண்டார். எண்பது கடந்த உடம்பு. என்னை ஒரு சொல் வையவில்லை. ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. புட்டியைத் தூக்கி எறியச் சொல்லவும் இல்லை. நூலுக்கும் நாக்கிற்கும் நடந்த பழைய வழக்கில் நூல் வென்றது என் பொருட்டாகத்தான். அந்த வெற்றியைக் காண நான் விரும்பியிருக்கமாட்டேன். ஒரு முறை உரக்கத் திட்டியிருந்தால் நான் அன்றே அழுது தீர்த்திருப்பேன். இன்று அதே நிலை நேர்ந்தால் என்ன செய்வேன்? தேன் கொடுப்பேனோ மாட்டேனோ, வெல்லம் என்று சொல்லமாட்டேன். அதுவரைதான் எனக்குத் தெளிவு.

அதற்குப்பின் மூன்றாண்டு இருந்தார். செஞ்சிக்கு அருகில் திருநாதர்குன்றில், சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததைக் கூறும் கல்வெட்டு உண்டு. தமிழ் எழுத்துகளில் 'ஐ' என்னும் எழுத்து மிகப் பழைமையாகக் கிடைக்கும் இடம் என்று எழுத்தியலார் அதனைப் போற்றுவர். அத்தகைய பெருநோன்புகளை அவர் தமக்கு உரியவையாக ஒருநாளும் பேசியதில்லை. அவை முனிவர்களுக்கு என்பார். 1989இல் ஒரு விடியற்காலை, வடிகட்டிய நீர் இரண்டு மிடறு அருந்தியபின் அடங்கினார்.

அவரை நினைக்கும்போது கடைசியில் என் மனம் போய் நிற்பது வேடல் மலையில்தான். நான் கல்லூரியில் படித்த காலம், 1971ஆம் ஆண்டுக் கோடை விடுமுறை. கல்வெட்டு வாசகம் அச்சான நூலொன்றைப் பேராசிரியரிடம் இரவல் பெற்று வந்திருந்தேன். பாட்டியாரை மாட்டு வண்டியில் அழைத்துச் சென்றேன். அறுபத்தைந்து வயதுக்கு மேல் அவர் பாறையில் கைவைத்து ஏறினார். வழியில் எறும்புப் புற்று கண்ட இடமெல்லாம் சுற்றிப் போனதால் இருமடங்கு நேரம் ஆயிற்று. குகையின் நிழலில் அமர்ந்து வாசகத்தைப் படித்துப் பொருள் சொன்னேன். ஐந்நூற்றுவர், நானூற்றுவர், பிணக்கு, ஊரார் அளித்த உறுதி எல்லாம் கேட்டார்.

"அப்போதும் சண்டைதானா?" என்று சிரித்தார். பிறகு, "ஊரார் சோறு போட்டார்களே, அது பெரிது" என்றார். சற்றுக் கழித்து, "அந்த ஐந்நூறு பேரில் யார் யார் பெயர் போட்டிருக்கிறது?" என்று கேட்டார்.

"ஒருவர் பெயரும் இல்லை, பாட்டி. குரத்தியார் பெயர் மட்டும்தான்."

"நானூறு பேரில்?"

"இல்லை."

அவர் எழுத்து வெட்டிய கல்லை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டு, எங்கள் கூடத்தில் ஸ்ரீபுராணம் கேட்க வந்த பெண்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். இன்னார் மகள், இன்னார் மருமகள், எந்த ஊரிலிருந்து வந்தவள், எந்தப் பகுதியைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்பாள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பு. பத்தொன்பது பெயர்கள். தாம் உவமையில் வைத்து இழுத்தவர்களின் பெயர்களை மறவாமல் முதலில் சொன்னார். என் கையில் பென்சிலும் குறிப்பேடும் இருந்தன. கல்வெட்டின் அளவுகளைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய ஸ்ரீபுராணப் புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. சென்ற ஜீவதயாஷ்டமியன்று அதன் கடைசி வெற்றுத் தாளில் நினைவுக்கு வந்த பெயர்களை எழுதினேன். ஏழு வந்தன. இம்மலரைப் படிக்கும் வந்தவாசி வட்டாரக் குடும்பத்தாருள், தம் வீட்டு மூத்தவர் எங்கள் கூடத்தில் புராணம் கேட்டதாகச் சொல்லக் கேட்டவர் இருப்பின், அவர் பெயரையும், எந்தப் பகுதியை அவர் விரும்பிக் கேட்டார் என்பதையும் எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். தாளில் இன்னும் இடம் இருக்கிறது.